ஐப்பசி மழையைத் தாண்டிச் சம்பா அறுக்க: கடலூர்ப் பக்கம் புதிதாக நெல் வைப்பவர்களுக்கு

அப்பா இறந்த பிறகு குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் இருந்த ஒரு காணி (132 சென்ட்) நிலத்தை நானே பார்த்துக்கொள்வது என்று சென்னையிலிருந்து திரும்பினேன். 2024-ல் முதல் சம்பா. ஆகஸ்ட் நடுவில் 135 நாள் ரகத்தை விதைத்தேன். பயிர் கரும்பச்சையாக எழுந்து நின்றது, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நவம்பர் கடைசி வாரம் பூ எடுத்தது. 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை.

என் பயிர் சாயவில்லை, அழுகவும் இல்லை. அதனால் தப்பித்தோம் என்று நினைத்தேன். மார்கழி பாதியில் பக்கத்துக் கழனிப் பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, கதிரு இன்னும் தலை சாயலியே, கவனிச்சியா?" என்றார். ஒரு கதிரை உருவி நெல்லை விரலிடுக்கில் நசுக்கினேன். பாலும் இல்லை, மாவும் இல்லை, உமி மட்டும் ஒட்டிக்கொண்டது. பூத்த நேரத்தில் பெய்த மழை மகரந்தத்தைக் கழுவிவிட்டது. ஏக்கருக்கு 9 மூட்டை (மூட்டைக்கு 75 கிலோ) கிடைத்தது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்ததால் காப்பீடும் செய்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் அதே நிலத்தில் அதே மழையில் ஏக்கருக்கு 28 மூட்டை எடுத்தேன். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நிலம் கையில் வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். என்னைப் போல ஒரு போகத்தைப் பறிகொடுத்துவிட்டு நீங்கள் கற்க வேண்டியதில்லை.

1. பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லோரும் விதைக்கும் நாளிலிருந்து அறுக்கும் நாளை எண்ணுகிறோம். நம் பக்கத்துக்கு அந்தக் கணக்கு போதாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையில் பயிர் தூர் கட்டிக்கொண்டு (அடியிலிருந்து பக்கத்தண்டு விட்டுக்கொண்டு) இருந்தால் பாதகமில்லை, தண்ணீரை வடித்துவிட்டால் எழுந்துவிடும். அதே மழையில் பூத்தால் மீட்க வழியே கிடையாது. நெல் காலை ஒன்பது மணியிலிருந்து மதியத்துக்குள் பூக்கும். அந்த நேரத்தில் அடைமழை பிடித்தால் கருப்பிடிக்காது.

எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். ஆக, 155 நாள் ரகம் 125-ஆம் நாளை ஒட்டிப் பூக்கும், 130 நாள் ரகம் 100-ஆம் நாளை ஒட்டிப் பூக்கும். 155 நாள் ரகத்தை ஆகஸ்ட் 15-ல் விதைத்தால் டிசம்பர் 18 வாக்கில் பூ, பொங்கல் முடிந்து அறுவடை. 130 நாள் ரகத்தை அதே ஆகஸ்ட் 15-ல் விதைத்தால் நவம்பர் 23-ல் பூ, அதாவது நட்ட நடு மழையில். அதையே செப்டம்பர் 15-க்குத் தள்ளினால் டிசம்பர் 24-ல் பூத்து ஜனவரி 23 வாக்கில் அறுக்கலாம்.

மார்கழியிலும் புயல் வரும். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30 அன்றுதான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. அதனால் இந்தக் கணக்கு முழுக் காப்பு ஆகாது. ஆனாலும் நவம்பரில் பூக்கவிடுவது தெரிந்தே பள்ளத்தில் இறங்குவது.

ஏரியில் தண்ணீர் இருக்கிறது, போர் ஓடுகிறது என்பதற்காக முந்தி விதைக்காதீர்கள். நான் செய்தது அதைத்தான்.

2. ரகத்தை நிலத்தின் பள்ளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் கழனி மேட்டில் இருக்கிறதா, வாய்க்காலை ஒட்டிய பள்ளமா என்று முதலில் பாருங்கள். ஊரில் கேளுங்கள்: "2015 வெள்ளத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?" அந்த வருஷத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பதில் உடனே வரும். முழங்காலுக்கு மேல் என்றால் பள்ளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்துக்கு சி.ஆர்.1009 சப்-1. வயது 155 முதல் 160 நாள். பெயரில் இருக்கும் 'சப்-1' வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவைக் குறிக்கிறது. ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுத்தது. பயிர் முழுதாக முழுகினாலும் இரண்டு வாரம் வரை உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். முழுகிய மற்ற ரகங்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டப் பார்த்து, இருக்கும் சத்தையெல்லாம் செலவழித்துச் செத்துப்போகும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமித்து வைக்கும். கலங்கல் தண்ணீராக இருந்தால் தாங்கும் நாள் குறையும்.

ஆடுதுறை-51 வயதும் இதே அளவுதான். பின்பட்டத்தில், அதாவது பிந்தி, விதைக்க 130, 135 நாளில் கோ-50, டி.கே.எம்.13 இருக்கின்றன. பிபிடி 5204-க்கு வியாபாரியிடம் விலை நன்றாகக் கிடைக்கும், ஆனால் குலைநோய் சீக்கிரம் வரும். முதல் வருஷத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயர நாட்டு ரகங்கள் தண்ணீரைத் தாங்கும், காற்றுக்குச் சாயும். ஆசைக்கு ஓர் ஓரத்தில் பத்து சென்ட் வைத்துப் பாருங்கள்.

சி.ஆர்.1009 மோட்டா (தடித்த) நெல். வியாபாரிகள் அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். அரசு கொள்முதலில் சாதாரண ரகமாக எடுத்துக்கொள்வார்கள். இதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

3. காகித வேலையை ஆடியிலேயே தொடங்குங்கள்

விதைக்கு முன்னால் காகிதம். கடனுக்கும் காப்பீட்டுக்கும் அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான்: சிட்டா (நிலம் யார் பெயரில் என்பதற்கான பதிவு), அடங்கல் (அதில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதற்கான பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம். இந்த நான்கிலும் பெயர் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். என் ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், வங்கியில் முன்னால். அதற்கே இரண்டு நடை ஆனது.

பட்டா இறந்துபோனவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போடுங்கள். மையத்துக் கட்டணம் 60 ரூபாய். வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுவது சீக்கிரம் முடியும். பிரித்துத் தனிப்பட்டா வேண்டும் என்றால் நில அளவர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அது இழுக்கும். எனக்கு வாரிசுச் சான்றும் பட்டாவும் சேர்த்து ஐந்து மாதம் பிடித்தது. ஆடியில் கொடுத்தால்கூட அந்த வருஷக் காப்பீட்டுக்குப் பிந்திப்போகலாம். அப்படியானால் மனு எண்ணையும் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) இப்போதே பாருங்கள், நிலத்தை யார் கையில் வைத்துப் பயிர் செய்கிறார் என்பதை அடங்கலில் எழுதுவது அவர்தான்.

அடங்கல் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுக்கு ஒன்று. பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது 1435. போன பசலி அடங்கலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நட்டு முடித்ததும் வி.ஏ.ஓ.விடம் சொல்லி, புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர் ஆகியவற்றைச் சரிபார்த்து வாங்குங்கள். வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். 112/3ஏ என்பதற்கு 112/3 என்று எழுதியிருந்தால் அது வேறொருவர் நிலம்.

குத்தகைக்கு எடுத்திருந்தால் நிலக்காரரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் நெல் போடும்போது பணம் அவர் கணக்குக்குப் போகும்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. வீடு கடலூரில், நிலம் பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ என்று நிறையப் பேருக்கு உண்டு. அது புதுச்சேரி நிலம். ஆவணம் புதுச்சேரியின் 'நிலமகள்' தளத்தில் எடுக்க வேண்டும், காப்பீட்டுப் பதிவும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்தில் அந்தச் சிட்டா செல்லாது.

4. நாற்றங்கால்: மேட்டில், கொஞ்சம் கூடுதலாக

விதை வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்குங்கள். ஆதாரும் சிட்டாவும் கேட்பார்கள். நீண்ட கால ரகத்துக்கு ஏக்கருக்கு 12 கிலோ, மத்திய கால ரகத்துக்கு 16 கிலோ. 8 சென்ட் நாற்றங்கால் ஒரு ஏக்கருக்குப் போதும்.

விதையை அப்படியே ஊறப்போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கோழி முட்டையைப் போடுங்கள், அடியில் போய் உட்காரும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை எழும்பி, அதன் தலை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டுங்கள். மிதப்பதெல்லாம் அரைக்கருக்கா (அரைகுறையாக நிரம்பிய நெல்), அள்ளிக் கோழிக்குப் போடுங்கள். அடியில் தங்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தங்கினால் முளைக்காது. பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைகட்டுங்கள்.

நாற்றங்காலை மோட்டாருக்குப் பக்கம் என்பதற்காகப் பள்ளத்தில் போடாதீர்கள். ஒரு மழை போதும். தேவைக்கு மேல் ஒரு சென்ட் நாற்றைக் கூடுதலாக விட்டு வையுங்கள், நட்டபின் மழையில் அங்கங்கே போகும்போது போக்கிடம் அதுதான். நடவு வயது நீண்ட கால ரகத்துக்கு 30 முதல் 35 நாள், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள்.

5. நடவு: காணிக்கும் ஏக்கருக்கும் இடையில் ஏமாறாதீர்கள்

நம் பக்கத்தில் கூலி பேசுவது காணிக் கணக்கில். ஒரு காணி என்பது 132 சென்ட். உரக் கணக்கும் காப்பீடும் ஏக்கரில், 100 சென்ட். நான் முதல் வருஷம் ஏக்கருக்குச் சொன்ன உரத்தைக் காணிக்குப் போட்டுவிட்டு, பயிர் ஏன் வெளுக்கிறது என்று மருந்துக் கடையில் போய் நின்றேன். எதைப் பேசினாலும், "காணிக்கா, ஏக்கருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

எட்டடிக்கு ஓர் அடி பட்டம் (நடாமல் விடும் வழி) விட்டு நடச் சொல்லுங்கள். இடம் வீணாகிறது என்று நடுகிறவர்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். மழைக்காலத்தில் அந்த ஓரடியில்தான் காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்குப் போகிறது. அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. மருந்தடிக்க நடந்துபோகவும் அதுதான் வழி.

அடியுரம் போடும் சமயத்தில் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டைத் தனியாக மணலில் கலந்து, நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி. உரத்தோடு கலக்கக் கூடாது. யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் நான்காகப் பிரியுங்கள். வானிலை அறிக்கையில் கனமழை என்று இருந்தால் மேலுரத்தை ஒத்திப்போடுங்கள். வெளுத்திருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். நாலு நாள் பொறுத்தால் பயிர் சாகாது, ஆனால் போட்ட யூரியா வாய்க்காலோடு போய்விடும்.

6. வடிகால்: இந்தக் கட்டுரையில் இதை மட்டுமாவது செய்யுங்கள்

தண்ணீர் பாய்ச்சும் வழியை எல்லோரும் பார்க்கிறார்கள், வடிகிற வழியைப் பார்ப்பதில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் காலையில் உங்கள் கடைமடையிலிருந்து (வயல் தண்ணீர் வெளியேறும் வாய்) தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். என் கழனித் தண்ணீர் நான்கு பேர் நிலத்தோரமாகப் போய்ச் சிறுவாய்க்காலில் விழுந்து, அது பரவனாற்றை நோக்கிப் போகிறது. நடந்து பார்த்த அன்றுதான் தெரிந்தது, மூன்றாவது வளைவில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நின்றது. அதன் வேரில் சேறு தங்கி, சேற்றின் மேல் ஆகாயத்தாமரை. அந்த இருபதடிதான் முதல் வருஷம் என் வயலில் தண்ணீரை ஒரு வாரம் நிறுத்தியது.

மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து இரண்டு நாள் வெட்டினோம். என் பங்குக்கு 1,500 ரூபாய். வெட்டிய காட்டாமணக்கைக் கரையிலேயே போடாதீர்கள். அது கிடந்த இடத்திலேயே வேர்விட்டு மறுபடி இறங்கிவிடும். தூரக் கொண்டுபோய் உலர்த்திவிடுங்கள்.

பக்கத்து நிலக்காரரிடம் மழைக்கு முன்னாலேயே பேசுங்கள். தண்ணீர் நின்ற பிறகு மண்வெட்டியோடு போனால் அது சண்டையாகும். நான் பெரியப்பாவிடம் புரட்டாசியில் கேட்டபோது, "நீ வெட்டிக்க, எனக்கும் சேர்த்துத்தானே வடியப் போவுது" என்றார்.

கடைமடைக்குக் கல் வைத்த வாய் அல்லது பி.வி.சி. குழாய் ஒன்று போட்டுவிடுங்கள். இரவில் மண்வெட்டி தேட வேண்டியிராது. மழை நாட்களில் காலையில் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளைகளை வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதியுங்கள். விரல் நுழையும் வளை, விடிவதற்குள் வரப்பையே அறுத்துவிடும். வரப்பைச் சின்னதாக வைத்தால் எலி வளை பறிக்க இடம் குறையும்.

7. காப்பீடு: அக்டோபரிலேயே முடியுங்கள்

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் உங்கள் பங்கு 540 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ கட்டலாம். அடங்கல் அல்லது வி.ஏ.ஓ. தரும் விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும்.

சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கடைசி வாரத்தில் மழையும் இருக்கும், மின்சாரம் இருக்காது, இணையம் திணறும். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குச் சங்கமே பிடித்துக் கட்டும் என்றாலும், கட்டினார்களா என்று கேட்டு ரசீதை வாங்கி வையுங்கள்.

ரசீதில் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். இழப்பீட்டுக்கு உங்கள் வயலை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து, அந்தச் சராசரியை வைத்துத்தான் ஊருக்கே கணக்கிடுகிறார்கள். கிராமம் மாறிப் பதிவானால் பக்கத்து ஊர் நன்றாக விளைந்ததற்காக உங்களுக்கு வராமல் போகும். அறுத்து வயலில் காயப்போட்ட நெல் புயல்மழையில் நனைந்தால், அறுத்த 14 நாளுக்குள் என்றால் அதற்குத் தனியாகக் கோரலாம். 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தொலைபேசி எண் 14447. தேதி தெரியும்படி படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. புயல் அறிவிப்பு வந்தால், பயிர் முழுகினால்

செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. மழைக்காலம் முழுக்க அதைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் அன்றே வயலில் இருக்கும் தண்ணீரை வடித்து, கடைமடையைத் திறந்து வையுங்கள். மருந்தோ உரமோ போடாதீர்கள். மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடிக் கட்டுங்கள். காற்று அடங்கி, மின்கம்பிகளைப் பார்த்த பிறகுதான் வயலுக்குப் போங்கள். பயிரைவிட நீங்கள் வீட்டுக்குத் தேவை.

இரண்டாம் வருஷக் கார்த்திகையில் என் பயிர் ஐந்து நாள் முழுகியது. தண்ணீர் இறங்கியபோது இலையெல்லாம் சேறு பூசி, படுத்துக் கிடந்தது. போயிற்று என்றே நினைத்தேன். பெரியப்பா ஒரு தூரைப் பிடுங்கி, அடித்தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே குருத்து வெள்ளையாக, அழுத்தினால் விறைப்பாக இருந்தது. "இது உசுரோட இருக்கு. பழுப்பா கொழகொழன்னு இருந்தாத்தான் கவலைப்படணும்" என்றார். பத்து இடத்தில் பிளந்து பார்த்தோம், எட்டு வெள்ளை.

அதனால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் வடிந்து ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். புதுக்குருத்து வந்ததும் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் கரைத்து இலைமேல் தெளியுங்கள். தூர் கட்டும் பருவம் என்றால் 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடுங்கள். வேளாண்மைத் துறை சொல்லும் அளவு இது. செத்த இடத்தில் மீதம் விட்ட நாற்றை நடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகத் தூர் கட்டிய குத்தைக் கலைத்து நடுங்கள்.

9. மழை விட்ட பிறகு வரும் நோய்

மழை விட்டு, பகலில் வெயில், இரவில் பனி என்று மாறும்போதுதான் குலைநோய் வரும். இலையில் கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறத்தில் புள்ளி இருந்தால் அதுதான். ட்ரைசைக்ளசோல் லிட்டருக்கு 0.6 கிராம். இலை நுனியிலிருந்து ஓரமாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். அதற்கு யூரியாவை நிறுத்துங்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டித் தெளிக்கலாம், எனக்குக் கேட்டது. கடைக்காரர் நான்கு பாட்டிலைக் கலந்து கொடுத்தால் வாங்காதீர்கள். நோயுற்ற இலையைக் கவரில் எடுத்துக்கொண்டு வேளாண் உதவி அலுவலரைப் பாருங்கள்.

10. அறுவடை: வண்டியை முன்பே பேசுங்கள்

கதிரில் நூற்றுக்கு எண்பது நெல் பழுத்ததும் அறுக்கலாம். அதற்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்துவிடுங்கள். முழுக்கப் பழுக்கட்டும் என்று விட்டால் உதிரும், இடையில் மழை வந்தால் கதிரிலேயே முளைக்கும்.

பொங்கல் ஒட்டி எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். மார்கழி நடுவிலேயே ஏஜென்டிடம் சொல்லி வையுங்கள். ஈரக் கழனிக்குப் பெல்ட் வண்டிதான், டயர் வண்டி இறங்கினால் புதைந்து வயலையே குழப்பிவிடும். எனக்குப் பெல்ட் வண்டி மணிக்கு 2,800 ரூபாய். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கிடைக்கும், விலை குறைவு, முறை வரக் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கு என்பதால் வண்டி இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் ஓட்டுநரோடு சேர்ந்து குறியுங்கள்.

காலை பத்து மணிக்கு முன், பனி ஈரத்தோடு அறுக்கவிடாதீர்கள். முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தி, பின்னால் விழுந்த வைக்கோலை ஒரு கை அள்ளி உதறிப் பாருங்கள். நெல் கொட்டினால் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். என் முதல் வருஷத்தில் இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

11. காயவைப்பதும் நெல் போடுவதும்

வண்டியிலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17. ஒரு நிலையத்தில் 18.5 என்று என் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். டிராக்டர் வாடகை இரண்டு தடவை. அதற்குப் பிறகு போவதற்கு முன் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கப் பழகினேன். நசுங்கினால் ஈரம். 'டக்'கென்று இரண்டாக உடைந்தால் கொண்டுபோகலாம். ஐந்தாறு இடத்திலிருந்து எடுத்துக் கடியுங்கள், குவியலின் நடுவில் எப்போதும் ஈரம் கூடுதலாக இருக்கும். களத்தில் நாலு விரல் கனத்துக்குமேல் பரப்பாமல், மணிக்கு ஒருமுறை காலால் கோடு இழுத்துப் புரட்டுங்கள். மாலை நாலரைக்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட வேண்டும், தைப்பனி பகல் முழுக்கக் காய்ந்த ஈரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். வீட்டுக்கு வைத்துக்கொள்வது 14 சதவீதம் வரை காய வேண்டும்.

கொள்முதலுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அதே நான்கு காகிதங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னாலேயே பதியுங்கள். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். நாற்பது கிலோ சிப்பமாக எடைபோடுவார்கள். கருத்தது, முளைத்தது, சேதமானது எல்லாம் சேர்த்து 5 சதவீதம் வரைதான். நனைந்த நெல்லை நல்ல நெல்லோடு கலந்து கொண்டுபோனால் மொத்தமும் கெடும், தனியாக வையுங்கள். பணம் எனக்கு ஆறாம் நாள் கணக்கில் ஏறியது.

12. ஒரு ஏக்கருக்கு என் கணக்கு

உழவு 4,500. விதை 500. நாற்றங்கால் 1,000. நாற்றுப் பறிப்பு, நடவு 6,000. உரம் 4,500. களை 3,000. மருந்து, தெளிப்பு 2,000. காப்பீடு 550. வடிகால் 1,500. அறுவடை ஒன்றரை மணி நேரம், 4,200. காயவைத்தல், சாக்கு, வண்டி 2,500. ஆக 30,250 ரூபாய். 28 மூட்டை, மூட்டைக்கு 75 கிலோ, 21 குவிண்டால். வந்தது 52,500. என் உழைப்பை இதில் எழுதவில்லை. வைக்கோலை விற்கவில்லை, மாட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

கையில் 30,000 இருந்தாலும் போதாது. தண்ணீர் முழுகி மறுபடி உரம் போட நேர்ந்தால் இன்னும் ஐயாயிரம் வேண்டும். அதை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். நவம்பரில் கைமாற்று கேட்டால் கொடுக்க ஊரில் யாரிடமும் பணம் இருக்காது.

13. அறுப்பதற்கு நாலு நாள் முன் உளுந்து

வண்டி வரும் நாள் முடிவானதும் ஏக்கருக்கு 12 கிலோ உளுந்து வாங்கி வையுங்கள். அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் வீச வேண்டும். மண் பதம் முக்கியம்: காலை வைத்து எடுத்தால் சுவடு பதிய வேண்டும், சுவட்டில் தண்ணீர் ஊறி நிற்கக் கூடாது. ஊறினால் விதை அழுகும், சுவடே பதியாவிட்டால் முளைக்காது. தை முடிவதற்குள் வீசினால் பனி ஈரத்திலேயே வளர்ந்துவிடும், தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. என் கழனியில் வண்டி ஏறிய தடத்தில் மட்டும் முளைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் வைக்கோல் தாள்களுக்கு நடுவில் இரண்டு இலையோடு எழுந்து நிற்கிறது. மாசி பிறந்ததும் எலிக்குக் கிட்டி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.